நுண்துளை வழியே பாயும் வீதத்தைக் கொண்டு வாயுவின் மோலார் நிறையைக் கண்டறிதல்

கேள்வி இதுதான். ஒரு கண்ணாடிக் கலனின் வாயில் மெல்லிய உலோகத் தகடு பொருத்தப்பட்டு, அதில் மிகச் சிறிய துளை ஒன்று இடப்பட்டிருக்கிறது. ஒரே வெப்பநிலையில், ஒரே தொடக்க அழுத்தத்திலிருந்து ஒரே இறுதி அழுத்தம் வரை அத்துளை வழியே பாய ஆக்சிஜன் 42.0 விநாடியும் பெயர் தெரியாத ஒரு வாயு 49.3 விநாடியும் எடுத்துக்கொள்கின்றன. அந்த வாயுவின் மோலார் நிறை என்ன? அந்த எண்ணை வைத்து அது எந்த வாயு என்று சொல்லிவிட முடியுமா?

முதல் பகுதிக்கு விடை: மோலுக்கு ஏறத்தாழ 44.1 கிராம். இரண்டாவது பகுதிக்கு விடை: இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முதல் விடையைக் கணக்கிட இரண்டு வரிகள் போதும். இரண்டாவது விடைக்கான காரணத்தையும், இந்த முறை எங்கே நம்பத்தக்கது, எங்கே நம்மைத் தவறான வாயுவிடம் கொண்டுபோய் விட்டுவிடும் என்பதையும் சொல்லத்தான் கூடுதல் இடம் வேண்டும். பாடநூல்களில் கணக்கு மட்டும் இடம்பெற்று இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போவதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கலனுக்குள் இருக்கும் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் ஓடிக்கொண்டும் சுவரின்மீது ஓயாமல் மோதிக்கொண்டும் இருக்கின்றன. சுவரில் ஒரு துளை இருந்தால், அந்த இடத்தில் மோதித் திரும்பியிருக்க வேண்டிய மூலக்கூறு திரும்பாமல் வெளியே போய்விடுகிறது. ஆகவே பாயும் வீதம் என்பது, துளையின் பரப்பளவுள்ள சுவர்ப்பகுதியில் ஒரு விநாடிக்கு எத்தனை மூலக்கூறுகள் வந்து மோதியிருக்கும் என்ற எண்ணிக்கையே ஆகும். வாயுக்களின் இயக்கவியற் கொள்கைப்படி, ஓர் அலகுக் கன அளவில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சராசரி வேகத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால், ஓர் அலகுப் பரப்பில் ஒரு விநாடிக்கு நிகழும் மோதல்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் ஓர் அலகுக் கன அளவில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை எல்லா வாயுக்களுக்கும் ஒன்றே என்பது அவகாட்ரோவின் கருதுகோள். எனவே ஒரு வாயுவுக்கும் மற்றொரு வாயுவுக்கும் இடையில் வேறுபடுவது சராசரி வேகம் மட்டுமே. அந்த வேகம் மோலார் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் ஆக்சிஜன் மூலக்கூறின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 444 மீட்டர். மோலார் நிறை 44.1 உடைய வாயுவுக்கு அதே வெப்பநிலையில் அது 378 மீட்டர். இவ்விரண்டின் விகிதம் 1.17, உங்கள் நேரங்களின் விகிதமும் அதுவே.

இந்தத் தொடர்பைத்தான் கிரஹாம் விதி என்கிறோம். பாயும் வீதமும் நேரமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதால், நேரங்களை அளந்த சோதனையில் விதியைப் பின்வருமாறு எழுதிக்கொள்வது வசதியானது:

தெரியாத வாயுவின் மோலார் நிறை = ஆக்சிஜனின் மோலார் நிறை × (தெரியாத வாயுவின் நேரம் ÷ ஆக்சிஜனின் நேரம்)²

49.3 ஐ 42.0 ஆல் வகுத்தால் 1.1738. அதன் வர்க்கம் 1.378. அதை 32.00 ஆல் பெருக்கினால் 44.1.

துளையின் பரப்பு, கலனின் கன அளவு, அழுத்தம், வெப்பநிலை ஆகிய எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தெரிந்த வாயு ஒன்றையும் தெரியாத வாயுவையும் அதே கருவியில் அடுத்தடுத்து அளப்பதால் அவையெல்லாம் விகிதத்தில் நீங்கிவிடுகின்றன. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு துளையின் பரப்பை அளப்பது மிகக் கடினமான வேலை. அந்த வேலையே இல்லாமல் செய்துவிடுவதுதான் இந்த ஒப்பீட்டு முறையின் உண்மையான பலம் என்று நான் கருதுகிறேன்.

மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் இரண்டு. வீதத்துக்குரிய சூத்திரத்தில் நேரத்தை இட்டுவிடுவது முதலாவது. அப்படி இட்டால் இங்கே 32.00 ஐ 1.378 ஆல் வகுத்து 23.2 என்ற விடை கிடைக்கும். அதிக நேரம் எடுத்துக்கொண்ட வாயு ஆக்சிஜனைவிடக் கனமானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்திருந்தால், 23.2 தவறு என்பது பார்த்தவுடனே புலப்படும். கணக்கைத் தொடங்கும் முன்னரே விடை 32 க்கு மேலா கீழா என்று தீர்மானித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இரண்டாவது தவறு இவ்வளவு எளிதில் பிடிபடாது. வெளியேறிய வாயுவை மோல்களிலோ கன அளவிலோ சொல்லாமல் கிராமில் சொல்லும் கணக்குகள் உண்டு. எடுத்துக்காட்டாக, சம நேரத்தில் 0.250 கிராம் ஆக்சிஜனும் 0.354 கிராம் வேறொரு வாயுவும் வெளியேறின என்று கொள்வோம். கிரஹாம் விதி பேசுவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையை, அதாவது மோல் வீதத்தை. மோல் வீதம் மோலார் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அதை மோலார் நிறையால் பெருக்கிக் கிடைக்கும் நிறை வீதம் மோலார் நிறையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமைந்துவிடுகிறது. எனவே 0.354 ஐ 0.250 ஆல் வகுத்துக் கிடைக்கும் 1.416 ஐ வர்க்கப்படுத்தி 32.00 ஆல் பெருக்க வேண்டும், விடை 64.2, அதாவது சல்பர் டைஆக்சைடு. நிறை வீதத்தையே மோல் வீதமாக எடுத்துக்கொண்டவர் பெருக்குவதற்குப் பதில் வகுத்து 16.0 என்ற விடையை அடைவார். மீத்தேனின் மோலார் நிறை 16.04 என்பதால், அவருக்குத் தன் விடைமேல் ஐயம் எழ எந்தக் காரணமும் இருக்காது. தவறான வழி ஒன்று இவ்வளவு பொருத்தமான வாயுவில் போய் முடிவதால்தான், வெளியேறிய அளவு எந்த அலகில் தரப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

இனி 44.1 என்ற எண்ணின் துல்லியத்தைப் பார்ப்போம். மோலார் நிறையைக் கணக்கிடும்போது நேர விகிதத்தை வர்க்கப்படுத்துகிறோம். அதனால் நேரத்தில் 1 விழுக்காடு பிழை இருந்தால் மோலார் நிறையில் 2 விழுக்காடு பிழை வரும். நிறுத்துக் கடிகாரத்தைக் கையால் இயக்கி அளக்கையில் ஒவ்வொரு நேரத்திலும் 0.2 விநாடி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு அளவீடுகளின் பிழைகளும் சேர்ந்து மோலார் நிறையில் ஏறத்தாழ 1.25 விழுக்காடு நிச்சயமின்மையை உண்டாக்குகின்றன. ஆகவே நேர்மையான விடை 44.1 அன்று, 44.1 ± 0.6 என்பதே. இந்த எல்லைக்குள் கார்பன் டைஆக்சைடு (44.01), நைட்ரஸ் ஆக்சைடு (44.01), புரொப்பேன் (44.10) ஆகிய மூன்றும் அடங்குகின்றன. கடிகாரத்தைத் திருத்தியும் பயனில்லை. முதல் இரண்டின் மோலார் நிறைகள் இரண்டாம் தசம இடம் வரை ஒன்றாகவே இருப்பதால், எவ்வளவு நுட்பமாக நேரத்தை அளந்தாலும் இந்தக் கருவியால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. அதற்கு வேதிச் சோதனைதான் வேண்டும். தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெண்மையாக்குவது கார்பன் டைஆக்சைடு; தணலாக இருக்கும் மரக்குச்சியை மீண்டும் சுடர்விட்டு எரியச் செய்வது நைட்ரஸ் ஆக்சைடு; தானே எரிவது புரொப்பேன். மோலார் நிறை என்பது வாய்ப்புகளைச் சில பெயர்களுக்குள் சுருக்கித் தருகிற ஓர் எண். அடையாளம் காணும் வேலை அதற்குப் பிறகும் மிஞ்சியிருக்கிறது.

வாயு கனமாக ஆக இந்தச் சிக்கல் கூடும். மோலார் நிறை 44 இலிருந்து 45 ஆக உயர்ந்தால் பாயும் நேரம் 1.1 விழுக்காடு கூடுகிறது. உங்கள் சோதனையில் அது அரை விநாடிக்குச் சற்று அதிகம். மோலார் நிறை 150 ஐ ஒட்டிய வாயுவுக்கு அதே ஓர் அலகு வேறுபாடு நேரத்தை 0.33 விழுக்காடு மட்டுமே மாற்றும். துளையை இன்னும் நுண்ணியதாக்கி நேரத்தைப் பல நிமிடங்களுக்கு நீட்டித்தால் கடிகாரப் பிழை பொருட்டாக இராது. அந்நிலையில் வேறு பிழைகள் முன்னுக்கு வரும். அவற்றில் முதன்மையானது வெப்பநிலை. ஆக்சிஜனை அளந்தபின் தெரியாத வாயுவை அளப்பதற்குள் அறை 3 டிகிரி சூடேறிவிட்டால், மோலார் நிறை ஒரு விழுக்காடு குறைவாகத் தெரியும். இரண்டு வாயுக்களையும் மாற்றி மாற்றி, ஆக்சிஜன், தெரியாத வாயு, மீண்டும் ஆக்சிஜன் என்ற வரிசையில் அளந்து ஆக்சிஜன் நேரங்களின் சராசரியை எடுத்துக்கொள்வது இதற்கு நல்ல பரிகாரம்.

அழுத்தம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாயு வெளியேற வெளியேறக் கலனின் அழுத்தம் குறைகிறது. அதனோடு பாயும் வீதமும் குறைகிறது. ஆகவே சோதனை முழுவதற்கும் பொதுவான ஒரு வீதம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் கணக்கு கெடுவதில்லை. வெளியே வெற்றிடமாக இருக்கும்போது அழுத்தம் அடுக்குக்குறி முறையில் குறைகிறது. அந்தக் குறைவின் வேக மாறிலி மோலார் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், குறிப்பிட்ட இரண்டு அழுத்தங்களுக்கு இடைப்பட்ட நேரம் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. இரண்டு வாயுக்களுக்கும் அதே தொடக்க அழுத்தம், அதே இறுதி அழுத்தம் என்ற நிபந்தனை கேள்வியில் சொல்லப்பட்டிருப்பது இதனால்தான். அந்த நிபந்தனை இல்லாத கணக்கு அரைகுறையானது.

வாயுவை நீரின் மேல் சேகரித்து அளப்பவர்கள் நீராவியை மறந்துவிடக் கூடாது. 25 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் 3.17 கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு. ஈரமான கார்பன் டைஆக்சைடின் சராசரி மோலார் நிறை 43.2, ஈரமான ஆக்சிஜனின் சராசரி 31.6. இரண்டுமே ஈரமாக இருப்பதால் பிழையின் பெரும்பகுதி விகிதத்தில் கழிந்து, கார்பன் டைஆக்சைடுக்கு 43.8 என்ற விடை கிடைக்கிறது. இதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதே முறையில் ஹைட்ரஜனை அளந்து பாருங்கள்: ஈரமான ஹைட்ரஜனின் சராசரி மோலார் நிறை 2.52, அதிலிருந்து வரும் விடை 2.55, உண்மையான மதிப்போ 2.016. பிழை நான்கில் ஒரு பங்குக்கும் மேல். மெல்லிய வாயுவில் கலந்த சிறிதளவு கன வாயு விடையை வெகுவாக மாற்றிவிடுகிறது. கலனைச் சரியாகக் கழுவாமல் எஞ்சிய காற்றும் இதே கேட்டைச் செய்யும். கார்பன் டைஆக்சைடு நீரில் ஓரளவு கரையும், அம்மோனியா பெருமளவு கரையும் என்பதால், இத்தகைய வாயுக்களை உலர்த்தி நீரில்லாத கருவியில் அளப்பதே சரி.

இதுவரை சொன்னவை எல்லாம் கவனத்தால் திருத்தக்கூடிய பிழைகள். இனிச் சொல்லப்போவது கருவியின் அடிப்படையையே தொடுகிறது.

மேலே கொடுத்த விளக்கத்தில், மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றையொன்று மோதாமல் துளையைக் கடப்பதாக எடுத்துக்கொண்டோம். அது உண்மையாக வேண்டுமானால், ஒரு மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் செல்லும் சராசரி மோதலிடைத் தூரம் துளையின் விட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைத் தெளிவாக ஆராய்ந்து, 1909 இல் அளவீடுகளோடு நிறுவியவர் டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டின் நுட்சன். சாதாரண அழுத்தத்தில் காற்றின் சராசரி மோதலிடைத் தூரம் ஏறத்தாழ 0.07 மைக்ரோமீட்டர். மெல்லிய ஊசியால் இட்ட துளையின் விட்டம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட அது அந்தத் தூரத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் அதிகம். அந்தத் துளைக்கு நுட்சனின் நிபந்தனை பொருந்தத் தொடங்க, அழுத்தத்தை 70 பாஸ்கலுக்கும் கீழே, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவாகக் கொண்டுவர வேண்டும். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் செய்யப்படும் சோதனைகள் பெரும்பாலும் இந்த நிபந்தனையை நிறைவு செய்வதில்லை. அங்கே துளை வழியே வருவது தனித்தனி மூலக்கூறுகள் அல்ல. ஒரு தாரையாகப் பீறிடும் முழு வாயு.

அப்படியானால் வர்க்கமூல விதி எப்படிப் பொருந்துகிறது? கிளாஸ்கோவில் 1805 இல் பிறந்த தாமஸ் கிரஹாம், 1833 இல் வெளியிட்ட ஆய்வில் நுண்துளைகள் நிறைந்த சாந்து அடைப்பின் வழியே வாயுக்கள் விரவுவதை அளந்தார். 1846 இல் வெளியிட்ட ஆய்வில் மெல்லிய உலோகத் தகட்டின் துளை வழியே வாயுக்கள் வெற்றிடத்துக்குள் பாய்வதை அளந்தார். இரண்டிலும் ஒரே வர்க்கமூலத் தொடர்பு கிடைத்தது. ஆனால் இரண்டாவது சோதனையில் அத்தொடர்பு கிடைத்ததற்கான காரணம் வேறு. ஒரு தாரையாகப் பாயும் பாய்மத்தின் இயக்க ஆற்றல் அழுத்த வேறுபாட்டிலிருந்து வருகிறது; எனவே அதே அழுத்த வேறுபாட்டில் தாரையின் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நீர்த்தொட்டியின் ஓட்டையிலிருந்து நீர் பாய்வதை ஆளும் அதே விதி இது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் வாயுவின் அடர்த்தி மோலார் நிறைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இரண்டு வேறு வேறு காரணங்களும் ஒரே வர்க்கமூலத்தில் வந்து முடிகின்றன. இயற்பியலில் நான் மிகவும் மதிக்கும் தற்செயல் பொருத்தங்களில் இதுவும் ஒன்று. இந்தப் பொருத்தம் இல்லாதிருந்தால் எளிய கருவிகளைக் கொண்டு மோலார் நிறையை அறியும் வழி நமக்கு வாய்த்திருக்காது.

ராபர்ட் புன்சன் இந்த வழியைத்தான் வாயுக்களின் அடர்த்தியை அளக்கும் நடைமுறைக் கருவியாக ஆக்கினார். மெல்லிய பிளாட்டினத் தகட்டில் இட்ட துளையைப் பயன்படுத்திய அவருடைய முறை 1857 இல் வெளியான அவரது நூலில் விளக்கப்பட்டிருக்கிறது. பின்னர் மியூனிக் நகர எரிவாயு ஆலையைச் சேர்ந்த ஷில்லிங், நீரால் இயங்கும் எளிய வடிவத்தை அமைத்தார். இரண்டு குறிகளுக்கு இடையில் நீர்மட்டம் ஏறும் நேரத்தை முதலில் காற்றுக்கும் பிறகு எரிவாயுவுக்கும் அளந்து, விகிதத்தை வர்க்கப்படுத்தினால் காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தி கிடைத்துவிடும். எரிவாயு என்பது பல வாயுக்களின் கலவை. ஆலைக்குத் தேவைப்பட்டதும் கலவையின் சராசரி அடர்த்தியே. தாரையாகப் பாயும்போது கலவை பிரியாமல் மொத்தமாக வெளியேறுவதால் அந்தத் தேவைக்கு இக்கருவி முற்றிலும் ஏற்றதாக இருந்தது.

ஆனால் தாரைப் பாய்ச்சலுக்கு ஒரு விலை உண்டு. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைப்போல் இரு மடங்கு அல்லது அதற்கு மேல் இருக்கும்போது, தாரை துளையில் ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது. வாயு விரிவடைந்து குளிரும் விதம் கணக்கில் நுழைகிறது. அது வாயுவின் இரு தன்வெப்பங்களின் (மாறா அழுத்தத்தில் ஒன்று, மாறாக் கன அளவில் மற்றொன்று) விகிதத்தைப் பொறுத்தது. ஆக்சிஜன், நைட்ரஜன் போன்ற ஈரணு வாயுக்களுக்கு அந்த விகிதம் 1.40, ஹீலியம், ஆர்கான் போன்ற ஓரணு வாயுக்களுக்கு 1.67. இந்த வேறுபாட்டால் ஓரணு வாயு, வர்க்கமூல விதி சொல்வதைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு விரைவாக வெளியேறும். வர்க்கப்படுத்தும்போது அது 12 விழுக்காட்டுப் பிழையாகிறது. வளிமண்டல அழுத்தத்திலிருந்து வெற்றிடத்துக்குள் ஆர்கானைப் பாய்ச்சி, ஆக்சிஜனோடு ஒப்பிட்டு எளிய விதியைப் பயன்படுத்தினால், 39.95 க்குப் பதில் ஏறத்தாழ 35.5 என்ற விடை வரும். ஹைட்ரஜன் குளோரைடின் மோலார் நிறை 36.46 என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த விடை எவ்வளவு தவறான திசையில் ஒருவரை அழைத்துச் செல்லும் என்பது விளங்கும். ஓரணு வாயுவை ஓரணு வாயுவோடும் ஈரணு வாயுவை ஈரணு வாயுவோடும் ஒப்பிடுவது இதிலிருந்து தப்பும் எளிய வழி. அல்லது ஷில்லிங் கருவியில் உள்ளதுபோல் அழுத்த வேறுபாட்டை மிகச் சிறியதாக வைத்துக்கொள்ளலாம்.

துளையின் நீளமும் முக்கியம். தகடு தடித்து, துளை ஒரு நுண்குழாய் போல் ஆகிவிட்டால், பாயும் வீதத்தை ஆள்வது வாயுவின் பாகுநிலை. அதற்கும் மோலார் நிறைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நுண்குழாய் வழியே வாயு செல்வதையும் கிரஹாமே தனியாக ஆராய்ந்து, அது வேறொரு ஒழுங்கைப் பின்பற்றுகிறது என்று காட்டினார்.

நுண்துளை வழியே பாய்வதையும், ஒரு வாயு மற்றொரு வாயுவுக்குள் விரவுவதையும் ஒன்றாகக் கருதுவது இவை எல்லாவற்றையும்விடப் பரவலான பிழை. நீண்ட கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அம்மோனியாவிலும் மறுமுனையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் நனைத்த பஞ்சுகளை வைத்து, வெண்வளையம் உருவாகும் இடத்தைக் கொண்டு மோலார் நிறை விகிதத்தைக் கணக்கிடச் சொல்கிறார்கள். வர்க்கமூல விதிப்படி வீதங்களின் விகிதம் 1.46 ஆக இருக்க வேண்டும். ஆனால் அந்தக் குழாயில் காற்று நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு மூலக்கூறும் காற்று மூலக்கூறுகளோடு மோதிமோதித்தான் முன்னேறுகிறது. எனவே அதன் நிறையோடு காற்றின் நிறையும், இரண்டின் பருமன்களும் கணக்கில் வந்துவிடுகின்றன. நிறைகளை மட்டும் கருத்தில் கொண்டால், காற்றில் அவ்விரு வாயுக்களின் விரவல் குணகங்களின் (ஒரு வாயு எவ்வளவு விரைவாக விரவுகிறது என்பதைக் குறிக்கும் எண்களின்) விகிதம் ஏறத்தாழ 1.23 தான். அம்மோனியா இலேசானது, முன்னே செல்கிறது என்று காட்ட அது அழகான சோதனை. மோலார் நிறையைக் கணக்கிட ஏற்றதன்று.

இந்த வேறுபாடு வெறும் நூல் நுணுக்கம் அன்று என்பதற்கு அறிவியல் வரலாற்றில் ஒரு சான்று இருக்கிறது. ரேடியத்திலிருந்து கதிரியக்கமுள்ள ஒரு பொருள் கசிந்து வெளிவருவது 1900 ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெரியவந்தது. அது என்ன பொருள் என்பதே அன்றைய பெரும் கேள்வி. கைக்குக் கிடைத்த அளவு மிகச் சொற்பம், எடைபோட வழியில்லை, கதிரியக்கத்தை அளப்பதன் மூலம் மட்டுமே அதன் இருப்பை அறிய முடிந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில், எர்னஸ்ட் ரதர்ஃபோர்டும் ஹாரியட் புரூக்ஸும் 1901 இல் அது காற்றில் விரவும் விதத்தை அளந்தார்கள். தெரிந்த வாயுக்கள், ஆவிகள் ஆகியவற்றின் விரவல் குணகங்களோடு ஒப்பிட்டு, அதன் மூலக்கூறு எடை 40 க்கும் 100 க்கும் இடையில் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். இன்று ரேடான் என்று நாம் அழைக்கும் அந்த வாயுவின் மோலார் நிறை 222.

தலைசிறந்த சோதனையாளர்கள் இருவரின் மதிப்பீடு ஏன் பாதிக்கும் கீழே இருந்தது? காற்றில் விரவும்போது, விரவும் வாயு காற்றைவிட மிகக் கனமானதாக இருந்தால், அதன் நிறை விரவல் குணகத்தை ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. எளிய இயக்கவியற் கணக்கின்படி, மற்றவை மாறாதிருக்க, மோலார் நிறையை 100 இலிருந்து 222 ஆக உயர்த்தினால் காற்றில் விரவல் குணகம் ஏறத்தாழ 6 விழுக்காடுதான் குறைகிறது. மூலக்கூறின் பருமனில் உள்ள சிறு வேறுபாடே அந்த 6 விழுக்காட்டை விழுங்கிவிடும். நுண்துளை வழியே மூலக்கூறுகள் தனித்தனியாகப் பாயும்போதோ அதே உயர்வு வீதத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. அங்கே பருமனுக்கு இடமே இல்லை. ஆந்த்ரே டெபியெர்ன் 1910 இல் பாரிஸில் இந்த இரண்டாவது வழியைப் பின்பற்றி, ஏறத்தாழ 220 என்ற மதிப்பைப் பெற்றார். அதே காலத்தில் லண்டனில் வில்லியம் ராம்சேயும் விட்லா கிரேயும் நுண்தராசில் ரேடானை நேரடியாக எடைபோட்டு 223 ஐ ஒட்டிய மதிப்பை அடைந்தார்கள். 226 நிறையெண்ணுள்ள ரேடியம் 4 நிறையெண்ணுள்ள ஆல்பாத் துகளை இழந்தால் எஞ்சுவது 222 என்ற கணக்கோடு இவை நன்றாக ஒத்துப்போயின.

ரதர்ஃபோர்டுக்கும் புரூக்ஸுக்கும் நியாயம் செய்ய ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் மதிப்பீட்டின் எண் தவறாக இருந்தாலும், அந்தப் பொருள் ரேடியத்தின் ஆவி அன்று, புதியதொரு வாயு என்று அவர்கள் கொண்ட முடிவு சரியானது. தனிமங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுகின்றன என்ற அறிவுக்கு இட்டுச்சென்ற படிகளில் அந்த முடிவும் ஒன்று.

கடைசியாக, பாயும் வீதம் தருவது கலனுக்குள் அந்த நேரத்தில் இருக்கும் துகள்களின் மோலார் நிறையையே தவிர, நாம் புட்டியின் மேல் எழுதிவைத்த பொருளினுடையதை அன்று. நைட்ரஜன் டைஆக்சைடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு; அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்தும் பிரிந்தும் சமநிலையில் இருப்பதால், வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பொறுத்து 46 க்கும் 92 க்கும் இடையில் ஏதோ ஒரு சராசரி கிடைக்கும். அம்மோனியம் குளோரைடின் ஆவிக்கு, 53.5 க்குப் பதில் அதில் பாதியான 26.7 ஐ ஒட்டிய மதிப்பு வருவது பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர்களைப் பெரிதும் குழப்பியது. லியோபோல்ட் பெபால் 1862 இல் அந்த ஆவியைக் கல்நார் அடைப்பு ஒன்றின் வழியே விரவச் செய்தார். அடைப்பைக் கடந்து வந்த வாயு லிட்மசைக் காரமாகவும், பின்தங்கிய வாயு அமிலமாகவும் மாற்றிக் காட்டின. ஆவியில் இருந்தது அம்மோனியம் குளோரைடு அன்று; 17 மோலார் நிறையுள்ள அம்மோனியாவும் 36.5 மோலார் நிறையுள்ள ஹைட்ரஜன் குளோரைடும் சம அளவில் கலந்திருந்தன. அவற்றில் இலேசானது முன்னே சென்றுவிட்டது.